தோலும் நீர்வண்ணமும்: வேலூர் எல்லப்பாவை முன்வைத்துச் சில கேள்விகள்

1

வேலூரில் எல்லப்பா என்று ஓர் ஓவியர் இருந்தார். 1830களில் கும்பினிக்காரர்களுக்கு நீர்வண்ணத்தில் படம் எழுதிக் கொடுத்தவர். கோட்டை, தண்டு, துரைமார் பங்களா என்று அன்றைய வேலூர் எதைச் சுற்றி இயங்கியதோ அதைச் சுற்றித்தான் அவர் பிழைப்பும் இயங்கியது. 2019 டிசம்பரில் லண்டனில் உள்ள வாலஸ் கலெக்‌ஷன் என்ற அருங்காட்சியகத்தில் 'மறக்கப்பட்ட மேதைகள்' என்ற பெயரில் ஒரு கண்காட்சி திறந்தார்கள். தொகுத்தவர் வரலாற்றெழுத்தாளர் வில்லியம் டால்ரிம்பிள். கல்கத்தாவில் எழுதிய ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், டில்லியின் குலாம் அலி கான், வங்காளத்தின் சீதாராம் இவர்களோடு 'வேலூர் எல்லப்பா' என்ற பெயரும் அங்கே ஏறியது. படம் எழுதும் வேலையில் இருக்கும் கோலத்தில் தன்னையே அவர் எழுதிக்கொண்ட படம் ஒன்றும் உண்டு.

நம்ம ஊர் ஆள் ஒருத்தர் லண்டன் சுவரில் தொங்குகிறார் என்றால் நம்ம பக்கத்தில் சந்தோஷப்படாமல் இருப்பார்களா? பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் சந்தோஷத்தோடு நிறுத்திக்கொள்வது விமர்சனம் ஆகாது. முதலில் அந்தத் தலைப்பை எடுத்துக்கொள்வோம். 'மறக்கப்பட்ட.' செயப்பாட்டு வினை. செய்தவன் ஒளிந்துகொள்ள வசதியான இலக்கணம். 'குடிசைகள் எரிக்கப்பட்டன', 'ஊரை விட்டு ஒதுக்கப்பட்டனர்' என்று நம்மைப் பற்றிய செய்திகளில் வருமே, அதே இலக்கணம். மறந்தது யார்?

வாங்கினவன் மறந்தான். இந்தப் படங்கள் அடங்கிய தொகுப்புகளுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்: இம்பே ஆல்பம், ஃப்ரேசர் ஆல்பம். காசு கொடுத்தவன் பெயர் அட்டையில். ராப்பகலாய்க் கண்ணைக் கொடுத்தவன் பெயர் பெரும்பாலும் எங்கேயும் இல்லை. இந்த வகை ஓவியத்துக்கே 'கம்பெனி ஓவியம்' என்றுதான் பெயர். முதலாளியின் பெயரே கலையின் பெயர்.

நாமும் மறந்தோம். தமிழில் ஓவிய வரலாறு எழுதுகிறவர்கள் சித்தன்னவாசலில் தொடங்கி, தஞ்சாவூர்ப் பொன்னோவியத்தில் இளைப்பாறி, ரவிவர்மாவைத் தொட்டு, சென்னை ஓவியப் பள்ளியின் ராய் சௌத்ரி, பணிக்கர் என்று வந்து 1966ல் சோழமண்டலம் கிராமத்தில் இறங்கிவிடுகிறார்கள். நடுவில் வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குப் படம் எழுதினவன் கணக்கில் இல்லை. கலைஞன் என்றால் பக்தியில் எழுத வேண்டும், இல்லையென்றால் தன் ஆத்மாவுக்காக எழுத வேண்டும். கூலிக்கு எழுதினவன் கைவினைஞன். இந்தப் பிரிவினையை எங்கேயோ கேட்டது போல் இருக்கிறதா? பறையடிக்கிறவன் கலைஞன் இல்லை, தொழில் செய்கிறவன் என்று சொல்கிற அதே வாய்தான்.

2

வேலூரில் தோலின் கதை தொழிற்சாலையில் தொடங்கவில்லை. தலையில் தொடங்கியது.

1806. கோட்டைச் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை வந்தது. அதில் தோலால் செய்த குஞ்சம். நெற்றியில் சாதிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவில் வெட்ட வேண்டும் என்றும் உத்தரவு. ஜூலை 10 விடியற்காலையில் கோட்டை வெடித்தது. வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேல் செத்தார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து இறங்கிய பிறகு நம் ஆட்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் காவலில் இருந்தார்கள். அது வேறு காரணம், பெரிய காரணம். அந்தச் சிப்பாய்களின் தைரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை.

என் கேள்வி அந்தக் குஞ்சத்தைப் பற்றியது. பசுவின் தோலோ பன்றியின் தோலோ என்று பதறினார்கள் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. தோல் தலைக்கு ஏறினால் அவமானம். காலில் கிடந்தவரைக்கும், குதிரைச் சேணத்தில் இருந்தவரைக்கும், தோள்வாரில் தொங்கினவரைக்கும், கோயில் மிருதங்கத்தில் விறைத்து நின்றவரைக்கும் அவமானம் இல்லை. அந்தக் குஞ்சத்துக்கான தோலை உரித்தவன் ஒருவன், சுண்ணாம்பில் ஊறப்போட்டவன் ஒருவன், வெட்டித் தைத்தவன் ஒருவன் இருந்திருப்பான் அல்லவா? 1806ஐப் பற்றிய கதைகளில் அவனைக் காணோம். தோல் தீட்டு என்று சொல்லும் போதே தோல்காரனும் தீட்டாகிவிடுகிறான், ஆகையால் கதைக்கு வெளியே நிற்கிறான். சென்னைப் படையில் பறையர்களும் துப்பாக்கி தூக்கினார்கள். அவர்களுக்கு இந்தக் குஞ்சம் எப்படி இருந்தது என்று எந்தப் பாடநூலும் கேட்டதில்லை.

அப்புறம் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கவர்னர் பெண்டிங், தளபதி கிராடக் இருவரையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. கும்பினி கற்ற பாடம் ஒன்று: இந்த நாட்டில் சாதிக்குறியை அழிக்கப் போகாதே. அதைத் தெரிந்துகொள், எழுதி வை, வரைந்து வை. சாதி ஜோடிப் படங்கள் 1806க்கு முன்னமே தஞ்சாவூர்ப் பக்கம் தொடங்கிவிட்டவைதான். ஆனாலும் நெற்றிக்குறிக்காக ரத்தம் சிந்திய ஊரில், முப்பது வருஷம் கழித்து ஒரு நீர்வண்ணக்காரர் கும்பினிக்காரர்களை நம்பிப் பிழைத்தார் என்பதை வெறும் பொழுதுபோக்காக என்னால் படிக்க முடியவில்லை.

3

அந்த ஜோடிப் படங்களின் அமைப்பைப் பார்ப்போம். தென்னிந்தியாவில் அந்தக் காலத்துத் தொகுப்புகள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு ஆண், ஒரு பெண். காலடியில் ஒரு பட்டை நிலம், கொஞ்சம் புல். பின்னால் வெறும் வானம், இல்லையென்றால் வெறும் தாள். கையில் தொழிலின் அடையாளமாக ஒரு பொருள்: பனையேறிக்குக் கத்தி, குயவனுக்குப் பானை, செருப்புத் தைக்கிறவனுக்குச் செருப்பு. கீழே இங்கிலீஷில் சாதிப் பெயர். அவ்வளவுதான். ஊர் இல்லை, தெரு இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் இல்லை. பிராமண ஜோடியும் பறைய ஜோடியும் ஒரே அளவுத் தாளில், ஒரே வெளிச்சத்தில் நிற்கிறார்கள்.

சிலர் இதைச் சமத்துவம் என்று கூடச் சொல்லக்கூடும். கீழவெண்மணியின் கொலைகாரனும் கொலையுண்டவனும் ஒரே அளவு புகைப்படத்தில் இருந்தால் அது சமத்துவமா? இந்தப் படங்களில் அழிக்கப்பட்டிருப்பது சாதி இல்லை, சாதிகளுக்கு நடுவில் உள்ள தூரம். சேரிக்கும் ஊருக்கும் நடுவில் உள்ள வாய்க்கால் படத்தில் இல்லை. தண்ணி மொள்ளக்கூடாத கிணறு இல்லை. உறவு என்பதாக இருந்த சாதியைப் பொருளாக மாற்றி, பூச்சி மாதிரி ஊசி குத்தி வைத்திருக்கிறார்கள். 1837ல் மதுரையில் இப்படி ஒரு கையெழுத்துப் புத்தகம் தயாரானது. 72 படங்கள், எல்லாம் அப்பிரகத் தகட்டில். தொகுத்தவர் அமெரிக்கப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பயிற்சி கொடுத்த இந்திய ஆசிரியர். இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் தலைப்பில் சாதிகளைக் குறிக்க வந்திருக்கும் சொல்லைத் தமிழில் 'மாதிரிகள்' என்றுதான் சொல்ல வேண்டும். கல், செடி, பூச்சி, சாதி: எல்லாம் மாதிரிகள்.

இது நமக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அதே காலத்தில் சீனாவின் கான்டன் துறைமுகத்தில் ஓவியர்கள் கப்பல் வியாபாரிகளுக்கு இதே மாதிரி எழுதிக் குவித்தார்கள். முடிதிருத்துகிறவன், மீன்காரன், செருப்புத் தைக்கிறவன் என்று ஆளுக்கு ஒரு தாள். 1800ல் லண்டனில் அச்சான 'சீனத்து உடைகள்' என்ற புத்தகத்தின் படங்கள் கான்டன் ஓவியர் பூ குவா எழுதியவற்றைப் பார்த்துச் செதுக்கியவை. அட்டையில் இருப்பது மேசன் என்ற வெள்ளை அதிகாரியின் பெயர். கான்டனோ வேலூரோ, துறைமுகமோ தண்டோ, வாங்குகிறவனின் கண் ஒன்றுதான்.

4

எழுதினவர்கள் யார்? இங்கேதான் நம் கதை சிக்கலாகிறது.

அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தில் கும்பினிக்காரர்கள் உள்ளூர் ஓவியனைப் பெரும்பாலும் 'மூச்சி' என்று கூப்பிட்டார்கள். மோச்சி, முச்சி என்றும் எழுதுவார்கள். வடக்கே மோச்சி என்றால் செருப்புத் தைக்கிறவன், சேணம் தைக்கிறவன். தெற்கே அதே பெயர்க்காரர்கள் தோல் வேலையோடு வண்ணம் தீட்டினார்கள், பொன்முலாம் பூசினார்கள், மெத்தை தைத்தார்கள். 1901ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் குடிக்கணக்கு அவர்களை மராட்டி பேசும் ஓவியர், தோல்வேலைக்காரர் சாதி என்று ஒரே வரியில் அடக்குகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் அரசாங்க ஆபீஸ் முச்சியின் வேலைகளும் வருகின்றன: பேனா சீவுவது, மை கலக்குவது, தாளில் கோடு போடுவது, உறை ஒட்டுவது, புத்தகம் கட்டுவது.

யோசித்துப் பாருங்கள். ஒரே கை தோலைத் தைக்கிறது, அதே கை தூரிகை பிடிக்கிறது. ஓவியம் உன்னதம், தோல் கேவலம் என்று நாம் படித்த பாடம் அந்தக் கைக்குத் தெரியாது. இரண்டையும் பிரித்தது பிற்காலம். தூரிகை பிடித்தவன் ஆபீஸுக்குள் போனான், ஊசி பிடித்தவன் தெருவோரம் நின்றான். இன்று 'மோச்சி' என்றால் ரயிலடியில் உட்கார்ந்திருக்கிறவன் மட்டும்தான் நம் நினைவுக்கு வருகிறான்.

அப்படியானால் எல்லப்பா என்ன சாதி? இந்தக் கேள்வியை என்னிடம் பல நண்பர்கள் கேட்டாயிற்று. அவர் முச்சியா, நம்ம ஆளா, வேறு யாராவதா? நான் தேடப் போவதில்லை. ஏனென்றால் இது ஆல்பத்தின் கேள்வி. ஒருவனை நிற்க வைத்து, கையில் ஒரு தூரிகையைக் கொடுத்து, கீழே சாதிப் பெயரை எழுதும் வேலை. அதைக் கும்பினி செய்தாயிற்று, நாமும் ஏன் செய்ய வேண்டும்? நான் கேட்பது வேறு. மற்றவர்களையெல்லாம் மாதிரிகளாக எழுதும் தொழிலில் இருந்த ஒருவர், தன்னை எழுதும்போது என்ன செய்தார்?

வேலை செய்கிறவராக எழுதினார். பெயரோடு எழுதினார். இதுதான் எனக்கு முக்கியம். ஜோடிப் படங்களில் நிற்கிறவர்கள் கருவியைப் பிடித்திருக்கிறார்கள், வேலை செய்யவில்லை. எல்லப்பாவின் சுயசித்திரத்தில் வேலை நடக்கிறது. பார்க்கப்படுகிறவர் பார்க்கிறவராகவும் இருக்கிறார். தனக்குக் கொடுத்துக்கொண்ட இந்த மரியாதையை அந்தக் காலத்து ஆல்பங்கள் செருப்புத் தைக்கிறவனுக்குக் கொடுக்கவில்லை.

5

பேரணாம்பட்டில் நாற்பது வருஷம் தோல் ஷாப்பில் உழைத்த பெரியவர் ஒருவரிடம் இந்த மாதிரி ஜோடிப் படம் ஒன்றின் நகலைக் காட்டினேன். செருப்பும் கையுமாக ஆண், பக்கத்தில் பெண். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னது:

"இன்னாப்பா இது, செருப்பு தைக்கிறவன் நின்னுகினு கீறான்? நின்னுகினு எவன் தைப்பான்? குந்தணும். ரெண்டு காலுக்கும் நடுவுல தோலு நிக்கணும். கட்டை வெரல்ல புடிச்சி இய்க்கணும். இவன் கையப் பாரு, மருதாணி வெச்ச பொண்ணு கையாட்டம் கீது. சுண்ணாம்பு தின்ன கையா இது?"

தன் கையை நீட்டிக் காட்டினார். நகம் சுருண்டு, தோல் வெந்து ஆறின கை. பக்கத்தில் அவர் மருமகள். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பெண். எட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இன்னும் கூர்மை:

"அந்தம்மா ஏண்ணா சும்மா நிக்குது? புருசன் செருப்ப புடிச்சிகினு நிக்கிறாரு, சரி. தோல அலசினது யாரு, காய வெச்சது யாரு? பொம்பளைக்கு நிக்கிறது மட்டும்தான் வேலையா?"

கலை விமர்சனம் என்றால் இதைத்தான் சொல்வேன். உடம்பு எப்படி வேலை செய்யும் என்று தெரிந்த கண் படத்தைப் பார்க்கிறது. இந்தக் கண்ணுக்கு முன்னால் ஆல்பம் நிற்க முடியவில்லை. தொழிலைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் படத்தில் தொழில் இல்லை என்று இரண்டு பேர் இரண்டு நிமிஷத்தில் நிறுவிவிட்டார்கள். பெண்ணைப் பற்றிய கேள்வி இன்றைக்கும் பொருந்தும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன்னால் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள். தோல் தொழில் பற்றிய பேச்சில் அவர்கள் இன்னமும் 'ஜோடியில் ஒருத்தி'தான்.

நீர்வண்ணத்தால் எழுத முடியாத ஒன்றும் உண்டு. நாற்றம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறும் குழியின் நாற்றம், முடி வழித்த பச்சைத்தோலின் நாற்றம், பிற்பாடு குரோம் வந்தபின் பாலாற்று மணலில் இறங்கிய நாற்றம். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்ததற்குக் காரணம் சாதிப் பெயர் மட்டுமில்லை, இந்த நாற்றமும்தான். ஆல்பம் துரையின் வரவேற்பறை மேசைக்காகச் செய்யப்பட்டது. அங்கே நாற்றம் ஆகாது.

6

ஆனால் அந்த மேசை வரைக்கும் தோல் போய்த்தான் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

நீர்வண்ணம் என்றால் பொடித்த நிறமும் வேலம்பிசினும் தண்ணீரும். சாதாரணத் தாளில் வைத்தால் மை உறிஞ்சும் தாளில் வைத்தது போல ஊறிப் பரவிவிடும். கோடு நிற்காது. அதனால் ஐரோப்பாவில் தாள் செய்கிறவர்கள் தாளை ஒரு பசையில் முக்கிக் காய வைப்பார்கள். அந்தப் பசை எதிலிருந்து வருகிறது? மாட்டுத்தோல், ஆட்டுத்தோல் கழிவைக் கொதிக்க வைத்து எடுக்கும் ஜெலட்டினிலிருந்து. கும்பினி ஓவியர்கள் பலரும் எழுதிய இங்கிலாந்தின் வாட்மன் தாள் அப்படிச் செய்ததுதான். நல்ல நீர்வண்ணத் தாள்கள் சில இன்றும் அப்படித்தான் வருகின்றன. நம்ம பக்கத்துத் தச்சர்கள் வச்சிரம் என்று காய்ச்சுகிறார்களே, அதன் உறவுக்காரன்தான்.

ஆகவே வாட்மன் தாளில் பிராமண ஜோடி எங்கே நிற்கிறது? தோலின் மீது நிற்கிறது. பூணூலின் மெல்லிய வெள்ளைக்கோடு கலையாமல் இருப்பது அடியில் தோல் இருப்பதால். 1806ல் தலைக்கு ஏறக்கூடாது என்ற தோல், 1830களில் எல்லாச் சாதிக்கும் காலடியில் மெல்லிசாகப் பரவிக் கிடக்கிறது, ஒருத்தருக்கும் தெரியாமல். தீட்டு பார்த்து ஒதுங்க அந்தத் தாளில் ஓர் அங்குலம் இடமில்லை.

இதற்கு நம் ஊரில் ஒரு கதை உண்டு. எல்லப்பா என்ற பெயரே எல்லம்மாவின் பெயர். வட ஆர்க்காட்டில் எந்தச் சேரியிலும் 'எல்லப்பா' என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லம்மா, ரேணுகா, கெங்கையம்மா எல்லாம் ஒரு கதையில் வந்து சேர்கிறார்கள். பெற்ற தாயின் தலையை மகன் பரசுராமன் வெட்டுகிறான். மறுபடி உயிர் கொடுக்கும்போது தலை ஒரு உடம்பில் மாறி ஒட்டிக்கொள்கிறது. அந்த உடம்பு தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட ஒருத்தியின் உடம்பு. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் லட்சம் பேர் நடுவில் வரும். ஊர் சுற்றி வந்த சிரசைக் கோயிலில் 'சண்டாளச்சி' உடலில் பொருத்துவார்கள். பத்திரிகைகளும் இந்தச் சொல்லையே கூசாமல் எழுதுகின்றன. தேங்காய் உடைப்பதும் மாலை போடுவதும் சிரசுக்கு. ஆனால் உடம்பு வந்து சேராமல் அம்மன் கண் திறப்பதில்லை.

கலை வரலாறும் இப்படித்தான். தலையை லண்டனில் ஊர்வலம் விடுகிறார்கள். உடம்பு இங்கே பாலாற்றங்கரையில் கிடக்கிறது.

7

நீர்வண்ணத்தின் காலம் முடிந்தது. புகைப்படம் வந்தது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதி புகைப்படங்களை அரசாங்கம் வெளியிட்டது. அப்புறம் தர்ஸ்டன் அளவுகோலோடு வந்து மூக்கை அளந்தார். ஆல்பத்தில் கீழே எழுதிய சாதிப் பெயர் குடிக்கணக்குப் பதிவேட்டுக்குப் போயிற்று. ஓவியனுக்கு அங்கே வேலை இல்லை.

இன்னொரு பக்கம், 1850ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வழிவந்தது. அந்தப் பள்ளிக்குள்தான் 1900களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளை நடத்தினார். நீர்வண்ணம் கற்கும் வளாகத்துக்குள் தோல் ஊறியது. முச்சியின் இரண்டு கைகளும் கடைசியாக ஒருமுறை சந்தித்த இடம் என்று எனக்குத் தோன்றும். கல்லூரி இருக்கும் பெரியமேடு இன்றும் சென்னையின் தோல் சந்தை. வகுப்பு ஜன்னலைத் திறந்தால் தெரியும். ஆனால் சென்னை ஓவிய இயக்கம் எழுதிய ஆயிரக்கணக்கான படங்களில் அந்தத் தெரு எத்தனை படத்தில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

குரோம் நம் பக்கம் வந்து என்ன செய்தது என்பதை 1996 ஆகஸ்ட் 28ல் உச்சநீதிமன்றம் எழுதி வைத்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கு. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வலுப்பெற்றது பாலாற்றுத் தண்ணீரை வைத்துத்தான். சட்டப் புத்தகத்தில் வேலூருக்குப் பெயர் உண்டு. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேறு நிரம்பிய தொட்டிச் சுவர் நள்ளிரவில் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களை யாரும் வரையவில்லை.

8

இப்போது நம் பத்திரிகைக்காரர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. இந்த ஜோடிப் படங்கள் இன்று அலங்காரப் பொருள். அச்சுப்படமாகவும் நாள்காட்டியாகவும் விற்கிறார்கள், 'பாரம்பரியம்' என்று ஓட்டல் சுவரில் மாட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் நம் தோழர்களே இவற்றைத் துண்டறிக்கையில், மாநாட்டு மலரில், புத்தக அட்டையில் போடுகிறார்கள். 'நம் முப்பாட்டன் முகம் வேறு எங்கே கிடைக்கும்?' என்று கேட்கிறார்கள். அந்த ஏக்கம் நியாயமானது. ஜமீன்தாருக்குத் தைல ஓவியம் இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது?

என் பதில்: எடுங்கள், ஆனால் முன்னோர் படம் என்று எடுக்காதீர்கள். அதில் இருப்பது முப்பாட்டன் இல்லை, முப்பாட்டனை நிற்க வைத்தவனின் கண். சாட்சியமாக எடுங்கள். அடியில் உள்ள இங்கிலீஷ் வாசகத்தை வெட்டிவிடாதீர்கள். அதையும் சேர்த்துப் போட்டு, அதற்குப் பக்கத்தில் பேரணாம்பட்டுப் பெரியவர் கேட்ட மாதிரிக் கேள்வியைத் தமிழில் போடுங்கள். அருங்காட்சியகங்களிடமும் இதையே கேளுங்கள். எல்லப்பா பெயரை வேலூரில் வைக்க வேண்டும் என்று நாளைக்கு யாராவது கிளம்பினால் நான் முதல் ஆளாக வருவேன். கூடவே தோல்காரர்கள் கூட்டிப்போய்க் காட்ட ஒரு தொட்டியும் ஒரு குத்தூசியும் அங்கே இருக்க வேண்டும் என்பேன்.

மாதிரியாக நின்றவன் ஓவியனாகத் திரும்புவது நடக்காத காரியமில்லை. டாங் கிங்மன் என்று ஒரு சீன அமெரிக்கர். 1911ல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்தவர். அப்போது அமெரிக்காவில் சீனர்கள் நுழையத் தடைச்சட்டம் இருந்தது, 1943 வரைக்கும் இருந்தது. அவர் வீட்டு வேலையாளாக உழைத்து, 1930களில் வேலையற்றவர்களுக்கான அரசுத் திட்டத்தில் ஓவியராகச் சேர்ந்து, 2000ல் சாகும்வரை சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் தெருக்களை நீர்வண்ணத்தில் எழுதினார். கான்டன் ஆல்பத்தில் சீனனைத் தெரு இல்லாமல் நிற்க வைத்தார்கள். இந்தச் சீனர் தெருவையே தனதாக்கி, கீழே தன் பெயரைப் போட்டார். அவருக்கு அந்தத் தெருவில் உரிமை இல்லை என்று சொன்ன நாட்டில். நம் பிள்ளைகளில் நீர்வண்ணம் பழகுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். தோல் ஷாப்பை எழுதுங்கள், ஷூ கம்பெனி வாசலில் விடிகாலையில் வந்து நிற்கும் பஸ்ஸை எழுதுங்கள், அம்மாவின் கையை எழுதுங்கள். அம்மாவின் பெயரையும் எழுதுங்கள்.

பெயரை மாற்றிப் போடும் வித்தையை நமக்கு முன்பே ஒருவர் செய்து காட்டினார். ஆல்பங்களில் பறைய ஜோடியின் காலடியில் வெள்ளைக்காரன் எழுதிய அதே சாதிப் பெயரை, 1893ல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகையின் தலைப்பில் தூக்கி வைத்தார்: 'பறையன்'. காலடி எழுத்து தலைப்பெழுத்து ஆனது. இதற்கு மேல் ஒரு கட்டுடைப்பை எந்தப் பாரிஸ் தத்துவக்காரனும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை எந்தச் சேரி முகப்பிலும் நீலக் கோட்டு போட்ட அம்பேத்கரைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். மழைக்கு நிறம் வெளுத்தால் ஏப்ரல் 14க்கு முன்னால் மறுபடி எழுதுகிறார்கள். அங்கே படத்தில் இருப்பவருக்குப் பெயர் உண்டு, எழுதினவருக்குப் பெயர் இல்லை. எல்லப்பாவின் காலத்து ஆல்பத்தில் படத்தில் நின்றவர்களுக்குப் பெயர் இல்லை. இரண்டு பெயரும் சேர்ந்து வரும் சுவரை நாம் இன்னும் கட்டவில்லை. அடுத்த ஏப்ரலில் உங்கள் ஊர்ச் சுவருக்கு வண்ணம் அடிக்க வருகிறவரிடம், மூலையில் அவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். கூச்சப்படுவார். கேட்டு வாங்கிப் போட வையுங்கள்.